வடக்கில் ஒருவரும் இல்லை

ஹேசல்டவுனுக்குக் குடிவந்து ஆறு வருடங்களுக்குப் பிறகுதான் ஓர் அயலவர் அருள்நேசனின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். வந்தவர் கீத். எதிர்வரிசையில் மூன்று வீடு தள்ளித் தனியாக இருப்பவர். வாசலில் கிடந்த செருப்புகளைக் கண்டதும் ஒருவரும் சொல்லாமலே தன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சாம்பல் நிறக் காலுறைகளோடு குசினிக்குள் வந்தார். அருள்நேசனுக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

அவன் மனைவி றூபினி தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். கீத் வந்த காரியத்தைச் சொன்னார்.

ஹேசல்டவுன் லண்டனின் தெற்கு விளிம்பில் குன்றின்மேல் இருக்கிறது. அதைத் தாண்டினால் புல்வெளியும் குதிரை லாயங்களும், பிறகு சறே கவுண்டி என்னும் அடுத்த மாவட்டமும். ஆனால் அந்த ஊரை நிர்வகிப்பது வடக்கே நோர்பரி வரைக்கும் நீண்டு கிடக்கும் பறோ எனப்படும் பெரிய நிர்வாகப் பிரிவொன்றின் கவுன்சில். மேலே இருப்பவர்கள் கொஞ்சப் பேர். கீழே நெருங்கி வாழ்பவர்கள் ஏராளம். எந்த முடிவும் கீழே இருப்பவர்களின் வாக்கில்தான் தங்கியிருக்கும். போன வருடம் ஹேசல்டவுன் நூலகத்தைப் பூட்டிவிட்டார்கள்.

"என் மனைவி அங்கே சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பாள்" என்றார் கீத். "அவள் இறந்து ஆறு மாதத்தில் கட்டடத்தையும் பூட்டினார்கள். அவளுடைய நாற்காலியையாவது கேட்டு வாங்கலாம் என்று போனேன். யாரிடம் கேட்பது என்று சொல்லக்கூட ஆள் இல்லை."

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு தொடர்ந்தார். "நாங்கள் யாருக்கும் எதிரிகள் இல்லை. எங்கள் ஊர்க் காரியத்தை எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கட்டும் என்கிறோம். பறோவிலிருந்து பிரிந்து சறேயோடு சேர வேண்டும். இங்கே இருப்பவர்களின் வாழ்க்கை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று காட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைகூடச் சறே பக்கம்தானே? வடக்குப் பக்கம் நீங்கள் அதிகம் போவதில்லை, இல்லையா?"

"இல்லை, அப்படிப் போவதில்லை" என்றான் அருள்நேசன்.

கழுவுதொட்டியடியில் நின்ற றூபினி திரும்பிப் பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டாள்.

உண்மை என்னவென்றால், சனிக்கிழமை கடையைப் பூட்டியதும் அருள்நேசன் நேரே நோர்பரிக்குத்தான் போவான். அங்கே தமிழ்க் கடையில் மீன் வாங்கி, வெட்டுவித்து, பாதியைத் தன் வீட்டுக்கு வைத்துக்கொண்டு மற்றப் பாதியோடு குலசேகரம் அண்ணையின் பிளாட்டுக்குப் படியேறுவான். குலசேகரம் சொந்தம் அல்ல. அருள்நேசன் அகதியாக லண்டனுக்கு வந்து இறங்கியபோது, ஊர்ப்பெயரை மட்டும் கேட்டுவிட்டு ஸ்ட்ரெதமில் தன் வீட்டு முன்னறையை அவனுக்குக் கொடுத்தவர். அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அவன் கண்ணாடித் தொழில் படித்து முடிக்கும்வரைக்கும் அந்த முன்னறையிலேயே இருந்தான். அவனுடைய கல்யாணத்தில் பெண் வீட்டுக்காரர் தாரைவார்த்துக் கொடுத்தபோது, மாப்பிள்ளை பக்கத்தில் தாய் தகப்பன் இடத்தில் நின்றவர்கள் அவரும் அவருடைய மனைவியும்தான். மனைவி இறந்த பிறகு அவர் நோர்பரியில் கவுன்சில் கொடுத்த முதியோர் பிளாட்டில் தனியாக இருந்தார். புதன்கிழமைகளில் தேவாலய மண்டபமொன்றில் தமிழ் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு போடும் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

"என்னடாப்பா, மீன் இன்னும் துடிக்குது போல கிடக்கு" என்று சொல்லிக்கொண்டுதான் அவர் எப்போதும் கதவைத் திறப்பார்.

இதையெல்லாம் கீத்துக்குச் சொல்லக்கூடாது என்று அருள்நேசன் தீர்மானித்துச் சொல்லாமல் விடவில்லை. கேட்ட கேள்விக்கு, கேட்டவருக்குப் பிடித்த பதில் வாயில் வந்துவிட்டது. அவ்வளவுதான். ஆனால் சொன்ன பிறகு அதைத் திருத்தவும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நன்றாக இருந்தன. இவ்வளவு காலமும் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனவர்கள் இப்போது நின்று கதைத்தார்கள். மதுக்கடை மேல்மாடியில் நடந்த வினாவிடைப் போட்டிக்கு அவனையும் றூபினியையும் கூப்பிட்டு, தங்கள் மேசையில் இடம் பிடித்து வைத்தார்கள். றூபினி செய்துகொண்டுபோன கட்லட்டுகள் ஒரு நிமிடத்தில் முடிந்தன. பெரிய மரத்தில் 'எங்கள் ஊரை எங்களிடம் விடுங்கள்' என்ற பதாகையைக் கட்டியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அருள்நேசன். அவனை எல்லோரும் அருள் என்று கூப்பிட்டார்கள். சிலர் கீழே இருப்பவர்களைப் பற்றிக் கதைக்கும்போது குரலைத் தாழ்த்தி, அவனைக் கண்டதும், "உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் எங்கள் ஆள்" என்பார்கள். அவன் சிரிப்பான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

குலசேகரம் ஒரு சனிக்கிழமை தானாகவே அந்தக் கதையை எடுத்தார்.

"மேலை இருக்கிறவை பிரிஞ்சு போகப் போகினமாம். உன்ர பக்கம்தானே? என்ன கதைக்கினம்?"

"எனக்குத் தெரியாது அண்ணை. நான் அதுகளுக்குப் போறேல்லை" என்றான் அருள்நேசன், மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டு.

"எங்கட மண்டப வாடகையைக் கவுன்சில்தான் குடுக்குது. அவையின்ர வரி போனால் எங்கட சோறும் அவ்வளவுதான்." அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். "விசாரணை வைக்கினமாம். எங்கட பெனடிக்ற் போய்க் கதைக்கப் போறான். அவன்ர இங்கிலீசு நல்லம்."

பெனடிக்ற் சங்கத்தின் தலைவர். அவர் அருள்நேசனை நேரில் கண்டதில்லை. அருள்நேசனுக்கு அது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடேயே இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டான்.

விசாரணை மாசி மாதத்தில் பறோவின் நடுவிலுள்ள ஒரு மண்டபத்தில் நடந்தது. அரசு அனுப்பிய ஒரு பெண் அதிகாரி மேடைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நரைத்த கூந்தலைக் கட்டையாக வெட்டியிருந்தார். குரல் உயர்த்தாமல் பேசினார். எல்லைக்கோட்டை வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, இரண்டு பக்கத்து மனிதர்களுக்கும் இடையில் உறவு இருக்கிறதா என்பதைத்தான் முக்கியமாகப் பார்ப்பேன் என்று தொடக்கத்திலேயே சொன்னார். அதனால் பேச வரும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். மறு பக்கத்தில் உங்களுக்கு உறவினரோ நண்பரோ இருக்கிறார்களா?

ஹேசல்டவுன் சார்பில் கீத் முதலில் பேசினார். தன் மனைவியின் தங்கை நோர்பரிக்குப் பக்கத்தில் இருப்பதாகவும், வருடத்தில் ஒரு தடவை பார்ப்பதாகவும் மறைக்காமல் சொன்னார். அடுத்ததாக அருள்நேசன் எழுந்தான். நீல நிறக் கோட் போட்டிருந்தான். கடை, மருத்துவர், நடைப்பயிற்சி, சந்தை எல்லாமே தனக்குச் சறே பக்கம்தான் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். எழுதிவைத்துப் பழகிய பேச்சு. நன்றாகவே போனது.

பாதியில் மண்டபத்தின் பின்கதவு திறந்தது. மதியச் சாப்பாட்டுச் சங்கத்தில் சமையலுக்குப் பொறுப்பாக இருக்கும், றூபினிக்குப் பழக்கமான கோசிகா முதலில் உள்ளே வந்தாள். கதவைப் பிடித்தபடி அவள் யாரையோ உள்ளே விட்டாள். குலசேகரம் வந்தார். நனைந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றி, கடைசி வரிசையில் ஓரக் கதிரையில் உட்கார்ந்து, கோட்டை மடித்து மடியில் வைத்தார். பிறகு பேசுகிறவரைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினார்.

பெனடிக்றுக்கு அன்று காலையில் கடும் காய்ச்சல் என்பதும், அதனால்தான் செயலாளர் வரவேண்டியிருந்தது என்பதும் அருள்நேசனுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கணத்தில் தெரிந்ததெல்லாம், அண்ணையின் முகத்தில் முதலில் ஒரு மலர்ச்சி வந்தது என்பது மட்டும்தான். எதிர்பாராத இடத்தில் சொந்தப் பிள்ளையைக் கண்டவரின் மலர்ச்சி. அவர் கையைக்கூடக் கொஞ்சம் தூக்கினார்.

"நன்றி" என்றார் அதிகாரி. "பறோவின் வடக்குப் பக்கத்தில் உங்களுக்கு உறவினரோ நண்பரோ இருக்கிறார்களா?"

முன்வரிசையில் ஹேசல்டவுன்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்று சொல்வதற்கு வேண்டிய நேரம் இருந்தது. பிறகு பல தடவை நினைத்துப் பார்த்தபோதும், நேரம் இருந்தது என்பதை அவனால் மறுக்க முடியவில்லை.

"இல்லை" என்றான். அது போதாது என்று பட்டதோ என்னவோ, இன்னும் சேர்த்துக்கொண்டான். "முன்பு அந்தப் பக்கம் இருந்தேன். இப்போது அங்கே எனக்கு ஒருவரும் இல்லை."

வந்து உட்கார்ந்தபோது கீத் அவன் முழங்காலில் மெல்லத் தட்டினார்.

குலசேகரத்தைக் கூப்பிட்டபோது அவர் கோட்டைக் கதிரையில் வைத்துவிட்டு மெதுவாக முன்னால் வந்தார். அருள்நேசனின் வரிசையைக் கடக்கும்போது திரும்பவில்லை. அவருடைய ஆங்கிலம் பஸ் ஓட்டுநரின் ஆங்கிலம், சொல்லவேண்டியதைச் சொல்லிவிடும். புதன்கிழமைகளில் யார் யார் வருகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் அந்த ஒரு நாள்தான் வெளியே இறங்குகிறார்கள், மண்டபம் இல்லாவிட்டால் அவர்கள் என்ன ஆவார்கள் என்பதையெல்லாம் சொன்னார். அதிகாரி குறிப்பெடுத்தார். பிறகு அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார்.

"ஹேசல்டவுன் பக்கத்தில் உங்களுக்கோ உங்கள் சங்கத்துக்கோ உறவினர், நண்பர்கள், உதவி செய்பவர்கள் யாராவது இருக்கிறார்களா?"

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்பதுதான் குலசேகரத்தின் பக்கத்துக்கு வேண்டிய பதில். வாராவாரம் மேலேயிருந்து ஒருவன் மீனோடு வருகிறான், கூட இருந்து சாப்பிடுகிறான், சங்கத்தின் வருடக் கொண்டாட்டத்துக்கு அரிசி மூட்டை வாங்கி என் பிளாட்டில் இறக்குகிறான் என்று சொன்னால் போதும். அந்த மண்டபத்தில் அவரிடம் இருந்த ஒரே பலமான சாட்சி அதுதான். அருள்நேசன் தன் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். சொல்லட்டும் என்றும் இருந்தது. சொல்லிவிடக்கூடாது என்றும் இருந்தது.

"இல்லை, மேடம்" என்றார் குலசேகரம். "எனக்குத் தெரிந்தவர்கள் அங்கே ஒருவரும் இல்லை."

பின்வரிசையில் கோசிகா சட்டென்று நிமிர்ந்தது, அவள் கதிரை தரையில் உரசிய சத்தத்தில் தெரிந்தது.

முடிந்து வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கீத்தின் காரில்தான் அருள்நேசன் வந்திருந்தான். கார் பிரதான வீதியில் திரும்பியதும் பஸ் தரிப்பிடத்தில் குலசேகரமும் கோசிகாவும் நிற்பது தெரிந்தது. கூரையின் கீழ் இடமில்லாமல் ஓரமாக நின்றார்கள். கீத் வேகத்தைக் குறைத்தார்.

"அந்தப் பெரியவர்தானே? நன்றாகப் பேசினார். பாவம், நனைகிறார். ஏற்றிக்கொண்டு போய் விடுவோமா?"

"வேண்டாம்" என்றான் அருள்நேசன். "அவர்கள் மற்றப் பக்கம் போகிறவர்கள்."

கார் குன்றை நோக்கி ஏறியது.

அன்று மாலையே கோசிகா றூபினிக்குத் தொலைபேசி எடுத்துவிட்டாள். அருள்நேசன் குளித்துவிட்டு வந்தபோது றூபினி குசினி மேசையில் இருந்தாள். விளக்கைக்கூடப் போடவில்லை.

"அண்ணையைத் தெரியாதெண்டு சொன்னனீங்களாம்."

"தெரியாதெண்டு சொல்லேல்லை. அங்கை ஒருத்தரும் இல்லையெண்டுதான்..."

அவன் வசனத்தை முடிக்கவில்லை. தான் சொல்லவந்தது தன் காதிலேயே விழுந்தது.

"அவரும் உங்களைத் தெரியாதெண்டு சொன்னவராம். கோசிகா வரேக்கை பஸ்ஸிலை கேட்டவளாம், ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னீங்கள் எண்டு. நாலு பேருக்கு முன்னாலை அவனைப் பொய்யன் ஆக்கிறதோ எண்டு கேட்டிட்டு, இறங்குமட்டும் கதைக்கேல்லையாம்."

அருள்நேசன் கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

"கீத் வந்த அண்டைக்கே நான் வாயைத் திறந்திருக்கலாம்" என்றாள் றூபினி. "நானும்தானே கட்லட் பொரிச்சுக் கொண்டு போனனான்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

சனிக்கிழமை அவன் வழக்கம்போல மீன் வாங்கினான். படியேறினான். கதவைத் தட்டினான். குலசேகரம் திறந்தார்.

"வாங்கோ" என்றார். "உள்ளுக்கு வாங்கோ. இருங்கோ."

அருள்நேசன் வாசலிலேயே நின்றுவிட்டான். லண்டனில் வந்து இறங்கிய நாள் தொடக்கம் அவர் அவனை நீ என்றுதான் கூப்பிட்டவர். திட்டினாலும் நீ, கொஞ்சினாலும் நீ, அவனுடைய கல்யாண மேடையில் அத்தனை பேருக்கு முன்னாலும் நீ. இப்போது அவருடைய முகத்தில் கோபம் இல்லை. வங்கியிலிருந்து வந்த ஒருவரை உபசரிப்பதுபோலக் கதிரையில் கிடந்த பேப்பரை எடுத்து வைத்து இடம் செய்து கொடுத்தார்.

"அண்ணை, ஏசுங்கோ. அடிச்சாலும் பரவாயில்லை. இப்பிடிக் கதையாதேங்கோ."

"எப்பிடிக் கதைக்கிறன்? மரியாதையாத்தானே கதைக்கிறன். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

"அண்டைக்கு வாய் தவறி..."

"வாய் தவறேல்லை" என்றார் அவர். "நீங்கள் என்னைக் கண்டனீங்கள். கண்டிட்டுத்தான் சொன்னனீங்கள். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விடுங்கோ. பெரிய விசயமில்லை."

தேநீரைக் கொடுத்தார். சீனி போட்டிருந்தார். அவன் சீனி விட்டு நாலைந்து வருடமாகிறது. அவருக்கு அது தெரியும். சீனிப்போத்தலைத் தொட வேண்டாம் என்று அவனை எத்தனையோ தரம் உறுக்கியவர் அவர்தான். அருள்நேசன் அதைக் குடித்து முடித்தான். மீனைக் குளிர்பெட்டியில் வைக்கப் போனபோது, "உங்களுக்கேன் சிரமம்" என்று அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

இரண்டு வாரம் அவனுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. கடையில் வாடிக்கையாளர் ஒருவருக்கு இடதுக்கும் வலதுக்கும் வில்லைகளை மாற்றிப் போட்டுவிட்டான். விசாரணையின் இரண்டாவது அமர்வு வரவிருந்தது. முதலில் சொன்னதில் திருத்தம் இருந்தால் அதில் சொல்லலாம் என்று அதிகாரி அறிவித்திருந்தார். போய் உண்மையைச் சொல்வது என்று அவன் முடிவெடுத்தான். அந்த முடிவு எடுத்த அன்றுதான் நெஞ்சு கொஞ்சம் இலேசானது.

"அண்ணையிட்டை ஒருக்கா கேட்டுப்போட்டுச் செய்யுங்கோவன்" என்றாள் றூபினி.

"கேட்டால் வேண்டாமெண்டுதான் சொல்லுவார். எனக்காக ஒருக்காப் பொய் சொன்னவர். இனியும் அவரைச் சுமக்க விடேலாது."

அவன் சொன்னது அவளுக்கு நியாயமாகத்தான் கேட்டது.

இரண்டாவது அமர்வுக்குக் கூட்டம் அதிகம் இல்லை. நோர்பரிப் பக்கத்திலிருந்து காய்ச்சல் மாறிய பெனடிக்றும் வேறு மூன்று பேரும் வந்திருந்தார்கள். குலசேகரம் வரவில்லை. கீத்தும் ஆட்களும் முன்வரிசையில் இருந்தார்கள். அருள்நேசன் இந்த முறை தனியாகத் தன் காரில் வந்திருந்தான். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்தான்.

"போன தடவை வடக்கில் எனக்கு ஒருவரும் இல்லை என்று சொன்னேன். அது உண்மை அல்ல. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அங்கே போகிறேன். என்னை வளர்த்துவிட்ட மனிதர் அங்கே இருக்கிறார்."

முன்வரிசை அசையாமல் இருந்தது. அதிகாரி பேனையை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். "அன்று சொன்னபோது அது உண்மையல்ல என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்." அவனுக்கு முழுவதையும் சொல்லிவிட வேண்டும் என்ற வேகம் வந்துவிட்டது. ஒரு துளிகூட மிச்சம் வைக்கக்கூடாது என்று தோன்றியது. "அவர் அப்போது இதே மண்டபத்தில்தான் இருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் பெயர் குலசேகரம்."

பெயரை அவன் பெருமையோடு சொன்னான். அன்று சொல்லாத பெயரை இன்று எல்லோரும் கேட்கட்டும் என்று சொன்னான்.

அதிகாரி முன்னால் இருந்த தாள்களைப் புரட்டினார். ஒன்றில் நிறுத்தி வாசித்தார். பிறகு, "ஹேசல்டவுனில் தனக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை என்று திரு குலசேகரம் இந்த விசாரணையில் கூறியிருக்கிறார்" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "அதுவும் உண்மையல்ல என்கிறீர்களா?"

அருள்நேசனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் வாயைத் திறந்தான். பெனடிக்ற் தன் இருக்கையில் மெல்லத் திரும்பிப் பக்கத்தில் இருந்தவரைப் பார்ப்பது தெரிந்தது.

"அவர் எனக்காக..." என்று தொடங்கினான்.

"கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்."

"உண்மையல்ல" என்றான்.

வெளியே வந்தபோது கீத் வாசலில் காத்துநின்றார். மற்றவர்கள் அவனைப் பாராமல் கடந்து போனார்கள். பதாகைக்கு ஏணி பிடித்த அன்று அவன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்த பெண்மணி, கைப்பையில் எதையோ தேடிக்கொண்டு போனார்.

"நீங்கள் அங்கே போவதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, அருள்" என்றார் கீத். அவர் உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார். "என்னுடைய மச்சாள் அங்கே இருக்கிறாள் என்று நானே சொன்னேனே. நீங்களும் சொல்லியிருக்கலாம். யார் உங்களை இல்லை என்று சொல்லச் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் பதில். கீத் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அந்தப் பெரியவரை அன்று நாம் மழையில் விட்டுவிட்டுப் போனோம்" என்றார். பிறகு தன் காரை நோக்கி நடந்தார்.

அருள்நேசன் அங்கிருந்து நேரே நோர்பரிக்குப் போனான். பெனடிக்ற் தொலைபேசியில் முந்திவிட்டார். குலசேகரம் கதவைத் திறந்தபோது எல்லாம் தெரிந்தவராக நின்றார். இந்த முறை இருங்கோ என்று சொல்லவில்லை. மாடி நடைபாதையின் வெளிச்சத்தில் அவர் முகம் வீங்கினதுபோல இருந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

"உண்மையைச் சொல்லவேணும் எண்டு..."

"உங்கட உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்ர பேரை என்னத்துக்குச் சொன்னனீங்கள்?" அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "கவர்மெண்ட் ஆளுக்கு முன்னாலை நான் பொய் சொன்னவன். என்ர சங்கத்து ஆக்களுக்கும் பொய் சொன்னவன். அந்தச் சனங்களின்ர சோத்துக்காகக் கதைக்கப் போய், உங்கட மானத்தைக் காப்பாத்திப்போட்டு வந்தனான். அதை அவையள் இண்டைக்கு உங்கட வாயாலை கேட்டிருக்கினம்."

"அண்ணை, நான் அதை யோசிக்கேல்லை."

"ஓம். நீங்கள் உங்களை யோசிச்சனீங்கள்" என்றார். "அண்டைக்கும், இண்டைக்கும்."

கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் மூடினார். உள்ளே சங்கிலி போடும் சத்தம் கேட்டது.

அடுத்த புதன்கிழமை சங்கத்தில் ஒருவரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை என்று கோசிகா றூபினிக்குச் சொன்னாள். பெனடிக்ற் வழக்கத்தைவிட அன்பாகவே கதைத்தாராம். ஆனால் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் குலசேகரம் மண்டபக் கதவைப் பூட்டும் திறப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, இனி வேறு ஆள் பார்க்கட்டும் என்றாராம். அதற்குப் பிறகு அவர் புதன்கிழமைகளில் அங்கே போகவில்லை. வாரத்தில் ஒருநாள் வெளியே இறங்க இடமில்லாதவர்கள் பற்றி அந்த அதிகாரிக்கு எடுத்துச் சொன்னவர், தானும் அவர்களில் ஒருவராகிவிட்டார்.

வைகாசியில் முடிவு வந்தது. எல்லையை இப்போதைக்கு மாற்றத் தேவையில்லை, சில வருடங்களுக்குப் பிறகு மீண்டும் பார்க்கலாம் என்று அதிகாரி பரிந்துரைத்திருந்தார். இரண்டு பேருடைய சாட்சியங்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்றும் குறிப்பிட்டிருந்தார். மண்டப வாடகையை இந்த வருடத்துக்குக் கவுன்சில் தொடர்ந்து கொடுத்தது. ஹேசல்டவுனில் பதாகையைக் கழற்றினார்கள். ஏணி பிடிக்க அருள்நேசனைக் கூப்பிடவில்லை. கீத் மட்டும் வீதியில் கண்டால் நிற்பார், காலநிலையைப் பற்றிக் கதைப்பார், அதோடு சரி. ஊரில் பலர் தோல்விக்கு அவனே காரணம் என்று நம்பினார்கள். அது அப்படி அல்ல என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் மறுத்துப் பேச அவனுக்கு மனம் வரவில்லை. எதற்காகவாவது தன்னைப் பழி சொல்கிறார்களே என்பதில் ஒருவிதமான ஆறுதல்கூட இருந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் றூபினிதான் குலசேகரத்தின் பிளாட்டுக்குப் படியேறுகிறாள். அருள்நேசன் மீன் வாங்கிக் கொடுத்து, அவளைப் பிளாட் வாசலில் இறக்கிவிட்டு, வீதியோரமாகக் காரில் இருப்பான். முதல் தரம் போனபோது, "வாறீங்களோ?" என்று அவள் கேட்டாள். "இல்லை, நீ போட்டு வா" என்றான். அதற்குப் பிறகு அவள் கேட்பதில்லை. குலசேகரம் அவளை வழமைபோலத்தான் கூப்பிடுகிறார். வா பிள்ளை, இரு பிள்ளை, உன்ர கால் நோ எப்பிடி. அவனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.

காரில் இருக்கும் நேரத்தில் அவன் வானொலி போடுவதில்லை. தெரிந்தவர்கள் யாராவது பைகளோடு வந்தால் தொலைபேசியை எடுத்துப் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வான். இந்த வீதியில் நின்று கதைக்க அவனுக்கு எத்தனையோ பேர் இருந்தார்கள். இப்போது யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டியிருக்கிறது.

போன சனிக்கிழமை றூபினி போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, திரும்பி இறங்கி வந்தாள். கையில் மீன் பை இல்லை. ஏதோ நடந்துவிட்டதோ என்று அவன் பதறிக் கண்ணாடியை இறக்கினான்.

"காரை எடுத்து மற்றப் பக்கம் விடட்டாம்" என்றாள் அவள். "போன கிழமை தொடக்கம் இந்தப் பக்கம் நிப்பாட்டேலாதாம். ரிக்கெற் எழுதித் தண்டம் அடிக்கிறாங்களாம்."

"ஆர் சொன்னது?"

"அண்ணைதான். யன்னலாலை பாத்துப்போட்டு, போய்ச் சொல்லிப்போட்டு வா எண்டவர்."

அருள்நேசன் நிமிர்ந்து மேலே பார்த்தான். மூன்றாம் மாடி யன்னலில் திரை மூடியிருந்தது.

"என்னை மேலை வரச் சொல்லி...?"

"அதொண்டும் சொல்லேல்லை" என்றாள் றூபினி. திரும்பிப் படியை நோக்கிப் போனாள்.

அவன் காரை எடுத்து, வீதியைச் சுற்றிக்கொண்டுபோய், மற்றப் பக்கத்தில் நிறுத்தினான்.